கூச்சப்படும் பூனையைத் தத்தெடுக்கலாமா?

லங்காவி லாஸி காப்பகமோ வேறு எந்தக் காப்பகமோ, குட்டிப் பூனைகளுக்குத்தான் முதலில் வீடு கிடைக்கும். கூச்சப்படும், வயதான, நோயுள்ள பூனைகள் காத்திருக்கும். கெடாவில் தத்தெடுக்க யோசிக்கிறீங்களா? இதைத் தெரிஞ்சுக்குங்க.

கூண்டில் ஒடுங்கி இருப்பது பயம். அதுவே பூனையின் குணம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு அறை கொடுங்க. சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, ஒளிய ஓர் அட்டைப்பெட்டி போதும். இழுத்து வெளியே எடுக்காதீங்க. பொதுவான கணக்கு இதுதான்: பயம் தணிய 3 நாள், வீடு பழக 3 வாரம், நம்பிக்கை வர 3 மாதம். முதல் வாரத்திலேயே 'இது பழகாது' என்று திருப்பிக் கொடுத்தால், பயம் கூடத்தான் செய்யும்.

மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்க. அப்படிச் செய்பவரிடம் பூனை நெருங்கி வருவதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் காட்டியது. ஆனால் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரைப் பாருங்க. பட்டினி பூனையின் கல்லீரலைப் பாதிக்கும்.

10 வயதைத் தாண்டியதா? தாழ்வான மணல் தட்டு வையுங்க. பல், சிறுநீரகத்தைப் பரிசோதியுங்க.

எஃப்ஐவி இருக்கிறதா? மனிதருக்குப் பரவாது. பூனைகளுக்கிடையே பெரும்பாலும் ஆழமான கடியால்தான் பரவும். தோட்டத்து லயத்தில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றால், இந்தப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைக்க முடியுமா என்று முதலில் யோசியுங்க. முடிந்தால், அது பல வருஷம் நல்லா வாழலாம்.

பிடிக்கலைன்னு சந்தையில் விட்டுடலாமா? கூடாது. விலங்குநலச் சட்டம் 2015-இன்படி அது குற்றம்: 100,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முடியாவிட்டால், வாங்கிய காப்பகத்திடமே பேசுங்க.