மலை ஏறி வந்தவர்களின் சாமைச் சோறு

“அரிசிச் சோறு ஆக்கினது இருக்குது கண்ணு. சாமைன்னா செத்த நேரம் ஆவும். இனிமேதான் குத்தணும்.”

ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு சிற்றூரில், வீட்டுத் திண்ணையில் என்னை உட்காரவைத்துவிட்டு அந்த ஆயா சொன்னார். காத்திருக்கிறேன் என்றேன். அப்போதும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. வீடு தேடி வந்தவருக்குச் சாமையைப் போட்டால் மரியாதையாக இருக்குமா என்ற கூச்சம். அந்தச் சோற்றுக்காகத்தான் வந்தேன் என்று சொன்ன பிறகே முறத்தை எடுத்தார்.

அன்று காலை கலசப்பாக்கத்தில் பஸ் ஏறி, போளூர் வழியாக ஜவ்வாதுமலைக்கு வந்திருந்தேன். கலசப்பாக்கம் செய்யாற்றங்கரை ஊர். அந்தத் தாலுகாவில்தான் பர்வதமலை இருக்கிறது. சங்கப் பாட்டான மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுதான், அதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நன்னன் என்ற மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதற்காகப் பாடிய 583 அடிகள். வழியை மட்டுமா சொல்கிறது? எந்த இடத்தில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறது. தினைச் சோறு, மூங்கிலரிசி, அவரையும் புளியும் சேர்ந்த கூழ் எல்லாம் அதில் உண்டு. இந்த மலைப்பக்கம் வருகிறவர்களை முதலில் சாப்பிட உட்காரவைக்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

இப்போது ஜவ்வாதுமலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் அந்தக் கதை பதிவாகியிருக்கிறது.

காஞ்சியின் காரைக்காட்டு வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப் போனார்களாம். நாய்களோடு மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், “நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பிவிட்டன. போன காரியத்தை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தால், அங்கே கருமாதியே முடிந்திருந்தது. ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேடர் வீட்டில் பெண் எடுத்து, ஜவ்வாதுமலை ஏறி, உழவைத் தொடங்கினார்கள் என்று முடிகிறது கதை. இதை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஊர் கருமாதி செய்த பிறகும் மலையில் உழுது பிழைத்தோம் என்று ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்த மலை உழவின் முதல் தானியம் சாமை. சரிவு நிலத்தில் தண்ணீர் நிற்காது. சாமைக்கு அது நிற்கவும் வேண்டாம். பருவமழையை நம்பி விதைத்தால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் கதிர் அறுப்புக்கு வந்துவிடும். உமியோடு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மழை பொய்த்த வருஷத்திலும் அடுப்பு எரிந்தது இதனால்தான்.

கஷ்டமெல்லாம் உமியில்தான் இருக்கிறது. ஆயிரம் சாமை மணியை எடை போட்டால் மூன்று கிராம்கூடத் தேறாது. அத்தனை சின்ன மணியை உமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆயா உரலில் இரண்டு படி கொட்டினார். உலக்கையைக் கைமாற்றிக் கைமாற்றிக் குத்தினார். அள்ளி முறத்தில் புடைத்தார். பளபளத்த சாம்பல் நிற உமி காற்றில் பறக்க, பாதிக்கு மேல் உரிபடாமலே கிடந்தது. மறுபடியும் உரல், மறுபடியும் முறம். மூன்றாம் சுற்றில்தான் வெளுத்த அரிசி கண்ணுக்குத் தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

உலை கொதித்த பிறகு சோறாக நேரமே ஆகவில்லை. உதிரி உதிரியான சோறு, மொச்சை போட்ட புளிக்குழம்பு. புளியும் இந்த மலையில் உலுக்கியதுதான். அவரையையும் புளியையும் பாடிய அந்தப் பாட்டு, இரண்டாம் கவளத்தில் நினைவுக்கு வந்தது.

“தெனம் சாமைதானா ஆயா?”

“எங்க கண்ணு! ரேஷன் அரிசிய ஒல வெச்சா வெந்துடுது. இத யாரு குத்துறது?”

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். பசியைத் துரத்திய அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்களின் தோளையும் இடுப்பையும் உலக்கையிலிருந்து விடுவித்த அரிசி அது. ஆனால் விளைந்த சாமை உமியோடு மூட்டையில் கீழே இறங்குகிறது. நகரத்துக் கடையில் தீட்டிய சாமையாகப் பல மடங்கு விலைக்கு நிற்கிறது. 2023-ஐ ஐ.நா. உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. விளைவித்தவர்களின் தட்டில் அதற்குள் சாமை அபூர்வமாகிவிட்டது.

சாமையோடு ஆட்களும் இறங்குகிறார்கள். கூலி தேடி வெளியூர், வெளிமாநிலம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஜவ்வாதுமலைக்காரர்களும் இருந்தார்கள். நிலம் சோறு போடாவிட்டால் மனிதர்கள் எங்கே போய் நிற்க நேரும் என்பதை அன்று இந்த மலை பார்த்தது.

வழி இல்லாமல் இல்லை. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதுபோல ஜவ்வாதுமலையில் சாமையைக் கொடுக்கலாம். மலையிலேயே வாங்கி, மலையிலேயே உமி நீக்கி, மலை ரேஷன் கடைக்கும் அங்கன்வாடிக்கும் தரலாம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. ரகத்துக்கும் அறிவுக்கும் குறைவில்லை. நடந்து போகும் தொலைவில் ஒரு உமி நீக்கும் இயந்திரம் இருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

கிளம்பும்போது ஆயா ஒரு துணி மூட்டையைக் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். தீட்டிய சாமை. எனக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு எதற்கு இரண்டு படி குத்தினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

“கல்லு கெடக்கும் கண்ணு. நல்லா அரிச்சுட்டு ஒலையில போடு.”