வீட்டில் திருடன் புகுந்தால்: தற்காப்புரிமை எதுவரை?

வீட்டினுள் திருடன் புகுந்தால் அவனைத் தாக்கலாமா, அவன் இறந்துவிட்டால் சட்டம் என்ன சொல்லும் என்னும் கேள்விகள் இருள் நீண்ட குளிர்கால மாதங்களில் எழுவது இயல்பே. தாலிக்கொடியையும் நகைகளையும் வங்கிப் பெட்டகத்தில் வைக்காது அலுமாரியில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல.

டோர்ட்மண்டில் வாழும் தமிழர் பலர் தாயகத்தில் கேள்விப்பட்ட சட்டத்தையே மனத்தில் வைத்துள்ளனர். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், அதனை அடியொற்றி 1883இல் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும் கொள்ளை, இரவில் வீடுடைத்தல் முதலிய குற்றங்களைப் பெயர் சுட்டிப் பட்டியலிட்டு, அவற்றைத் தடுக்கையில் மரணம் விளைவிப்பதையும் நிபந்தனைகளுடன் அனுமதித்தன. ஜேர்மன் சட்டத்தில் அத்தகைய பட்டியல் இல்லை. இரவுக்கென்று தனி விதியும் இல்லை. எனவே, “இரவில் வீட்டுக்குள் வந்தவனை என்னவும் செய்யலாம்” என்னும் எண்ணம் இங்கு ஆபத்தானது.

ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ‘நோட்வேர்’ எனப்படும் தற்காப்புரிமையை வரையறுக்கின்றது. தன்மீதோ பிறர்மீதோ நிகழ்ந்துகொண்டிருக்கும் சட்டவிரோதத் தாக்குதலை விலக்குவதற்குத் தேவையான செயல் குற்றமாகாது. உடலைப் போலவே உடைமையும் இப்பாதுகாப்பைப் பெறும். தாக்கப்படுபவர் பொதுவாக ஓடி ஒதுங்க வேண்டியதில்லை. அநீதிக்கு நீதி வழிவிட வேண்டியதில்லை என்பதே இங்குள்ள கோட்பாடு. இந்த அளவில் ஜேர்மன் சட்டம் பலர் நினைப்பதைவிடத் தாராளமானது. சிக்கல் தொடங்குவது ‘நிகழ்ந்துகொண்டிருக்கும்’, ‘தேவையான’ என்னும் இரண்டு சொற்களில்தான்.

திருடன் பொருளைக் கையில் எடுத்தவுடன் தாக்குதல் முடிந்துவிடுவதில்லை. பொருளுடன் ஓடும்வரை அது தொடர்கின்றது. ஆகவே துரத்திச் சென்று பறித்தெடுக்கலாம். அவன் பொருளைப் போட்டுவிட்டு ஓடினாலோ, கண்ணில் படாமல் மறைந்துவிட்டாலோ தற்காப்புரிமையும் அத்துடன் முடிந்துவிடும். மறுநாள் தெருவில் கண்டு அடிப்பது தற்காப்பு அன்று, பழிவாங்கலே. கையும் களவுமாகப் பிடிபட்டவர் தப்பியோடக்கூடும் என்றாலோ, அவர் யாரென அறிய இயலாவிட்டாலோ, பொலிஸார் வரும்வரை அவரைத் தடுத்து வைக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு எவருக்கும் உரிமை தருகின்றது. பிடித்து வைக்கத்தான் அந்த உரிமை. சுடுவதற்கோ கத்தியால் குத்துவதற்கோ அன்று.

‘தேவையான’ என்பது, சமமான பயன் தரக்கூடிய வழிகளுள் மிகக் குறைந்த தீங்கு விளைவிக்கும் வழியைக் குறிக்கும். ஆயுதம் ஏந்தியவர் முதலில் எச்சரிக்க வேண்டும். அது பலிக்காவிடின் உயிருக்கு ஆபத்தற்ற இடத்தில் தாக்க வேண்டும். உயிர்போக்கும் தாக்குதல் இறுதி வழியே. சூழ்நிலை அவகாசம் தராதபோது இப்படிகளைத் தாண்டுவதை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு.

இதற்கும் மேலாக, காக்கப்படும் பொருளுக்கும் விளைவிக்கப்படும் தீங்குக்கும் இடையே மிகக் கடுமையான ஏற்றத்தாழ்வு இருத்தலாகாது. இவ்வரம்பு எப்போதும் இருந்ததன்று. தன் தோட்டத்துப் பழங்களைத் திருடிக்கொண்டு ஓடியவர்களை எச்சரித்த பின் சுட்டு, ஒருவரைப் படுகாயப்படுத்தியவரின் செயல் தற்காப்பே என்று 1920இல் லைப்சிக்கிலிருந்த பேரரசு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சட்ட மாணவர்கள் அத்தீர்ப்பைப் படிப்பது, இக்காலத்தில் ஏற்க முடியாததற்கு எடுத்துக்காட்டாகவே. ஒரு போத்தல் மதுவைத் திருடி ஓடுபவரைக் கடைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தலாம். இரும்புக் கம்பியால் தலையில் அடித்தால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது கடைக்காரரும்தான். சிறுவர்கள், மனநலம் குன்றியோர், நிதானம் இழந்த குடிபோதையினர் ஆகியோரிடம் மேலும் பொறுமை எதிர்பார்க்கப்படுகின்றது.

கீழ்ச் சாக்சனி மாநிலத்தின் சிட்டென்சனில் 2010 டிசம்பரில் நடந்தது இதனை வலியுடன் விளக்கும். முதியவர் ஒருவரை இளைஞர் குழுவொன்று அவரது வீட்டிலேயே மடக்கிக் கொள்ளையிட்டது. எச்சரிக்கை மணி ஒலித்ததும் அவர்கள் ஓடினர். முதியவர் சுட்டதில், ஓடிக்கொண்டிருந்த 16 வயது இளைஞர் முதுகில் குண்டு பட்டு இறந்தார். நீண்ட சட்ட இழுபறியின் பின், 2014 அக்டோபரில் ஸ்டாட நீதிமன்றம் முதியவருக்கு ஒன்பது மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அவர்பட்ட துன்பத்தை மதித்துத் தண்டனை குறைக்கப்பட்டது. ஆயினும் குற்றம் குற்றமாகவே நின்றது.

உயிருக்கே ஆபத்து நேரும்போது நிலைமை வேறு. கத்தியுடன் நெருங்குபவனிடமிருந்து தன்னையோ பிள்ளைகளையோ காப்பவர், பொருளைக் காப்பவர் அல்லர். குழப்பத்தாலோ அச்சத்தாலோ திகிலாலோ ஒருவர் எல்லை மீறிவிட்டால், 33ஆம் பிரிவின்படி தண்டனையில்லை. கோபத்துக்கும் வஞ்சத்துக்கும் அப்பிரிவு இடமளிப்பதில்லை.

வெற்றுத் தோட்டாத் துப்பாக்கியை வெளியிடங்களில் உடன் கொண்டுசெல்ல, ‘சிறிய ஆயுத அனுமதிப்பத்திரம்’ தேவை. நோர்த்ரைன்-வெஸ்ட்பாலியாவில் அதனைப் பொலிஸ் திணைக்களமே வழங்குகின்றது.

கைகலப்பு நேர்ந்தால் உடனே 110ஐ அழைத்தல் வேண்டும். எவரேனும் காயமுற்றிருந்தால், அவர் திருடனாயினும், 112ஐயும் அழைத்தல் வேண்டும். உதவியின்றிக் கைவிடுதல் தனிக் குற்றமாகலாம். சந்தேகநபராக விசாரிக்கப்படுபவர், தம் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் தவிர, சம்பவம் பற்றி எதுவும் கூறாமல் சட்டத்தரணியைக் கேட்கலாம். அது அவருக்கு எதிராகக் கொள்ளப்படமாட்டாது. ஜேர்மன் மொழியில் தேர்ச்சியில்லாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். பிள்ளைகளையோ அயலவரையோ மொழிபெயர்க்க வைத்து வாக்குமூலத்தில் கையொப்பமிடுதல் நன்றன்று. வருமானம் குறைந்தோர், மாவட்ட நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிப் பத்திரம் பெற்று, 15 யூரோ கட்டணத்தில் சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறலாம். கதவு, யன்னல் பூட்டுகளை உறுதிப்படுத்துவது குறித்து டோர்ட்மண்ட் பொலிஸின் குற்றத்தடுப்புப் பிரிவு இலவசமாக ஆலோசனை வழங்குகின்றது.