பழைய கணிப்பொறியைத் தூக்கி எறியாதீர்கள்!

உங்கள் இல்லத்தில் எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? பிள்ளைகளின் படிப்பிற்காக, வளைகுடாவில் உழைக்கும் வாப்பா வாங்கித் தந்ததாக அது இருக்கலாம். திருமணப் படங்களும், வீட்டுப் பத்திரத்தின் நகல்களும் அதனுள்ளேயே இருக்கலாம்.

'விண்டோஸ் 10' இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த 'விண்டோஸ் 11' பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. "புதிதாக வாங்கிவிடுங்கள்" என்பார் ஒருவர். "திருட்டு நகல் ஒன்றைப் போட்டுத் தருகிறேன்" என்பார் மற்றொருவர். முன்னது பணத்திற்குக் கேடு. பின்னது நேர்மைக்கே கேடு. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழியொன்று உண்டு. அதுவே லினக்ஸ்.

லினக்ஸ் என்பது யாது?

பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு இதன் கருப்பகுதியை எழுதி வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த 'குனூ' திட்டத்தின் மென்பொருள்கள் அதனுடன் இணைந்து முழுமையான இயங்குதளம் உருவாயிற்று. இதனை எவரும் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம், பிறருக்குப் படியெடுத்தும் வழங்கலாம். அவ்வாறு வழங்குவது இங்கே களவு அன்று. உரிமமே அதற்கு இசைவளிக்கிறது.

லினக்ஸில் பல வகைகள் உள்ளன. புதியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' எளிது. 2 ஜிபி நினைவகம் இருந்தாலே இயங்கும். 4 ஜிபி இருப்பின் நலம். பழைய கணிப்பொறிக்கு அதன் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. படங்கள், ஆவணங்கள் அனைத்தையும் முதலில் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்நகல் திறக்கிறதா என்று மற்றொரு கணிப்பொறியில் சோதித்த பின்னரே அடுத்த அடியை வையுங்கள்.

2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து கோப்பைப் பெற்று, 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளின் துணையுடன் 8 ஜிபி பென் டிரைவில் பதியுங்கள். வெறுமனே படியெடுத்தால் இயங்காது. பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

3. கணிப்பொறியை இயக்கியவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இவ்விசை நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் இயங்கும். வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் யாவும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

4. நிறுவும்போது அவசரம் கூடாது. 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தால் அந்த டிஸ்க்கில் உள்ளவை யாவும் அழியும். பலருடைய குடும்பப் படங்கள் பறிபோகும் இடம் இதுவே! விண்டோஸும் தேவையெனில், அதன் அருகிலேயே நிறுவும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவிய பின்

'அப்டேட் மேனேஜர்' மூலம் புதுப்பிப்புகளைத் தவறாது ஏற்றுங்கள். 'டைம்ஷிஃப்ட்' கருவியை அமைத்துவிட்டால், பழுது நேரும்போது இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்பலாம். ஆனால் வழக்கமான அமைப்பில் அது உங்கள் படங்களைக் காப்பதில்லை. அவற்றிற்குத் தனி நகல் அவசியம்.

பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமையற்ற தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். விசைப்பலகை அமைப்பில் 'தமிழ் 99' முறையையும் அரபு மொழியையும் சேர்த்துக்கொள்ளலாம். கடிதமும் கணக்கும் எழுத 'லிப்ரே ஆபீஸ்' உடனிருக்கிறது. வேர்டு பயன்படுத்துவோருக்கு அனுப்பும் கடிதத்தை வேர்டு வடிவிலேயே சேமியுங்கள்.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. விண்டோஸிற்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் பல லினக்ஸில் நேரடியாக இயங்கா. கடைக் கணக்கை அத்தகைய மென்பொருளில் வைத்திருப்போர், மாற்று ஏற்பாடு செய்யாமல் விண்டோஸை நீக்கலாகாது.

வாசகர்களே! ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு இதனைச் செய்து பாருங்கள். பழைய பெட்டி மீண்டும் உயிர்பெறும். அதே பென் டிரைவை அண்டை வீட்டாருக்கும் கொடுத்து உதவுங்கள். நகலெடுத்த பின்பே தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.