மருந்துச் சீட்டும் தோல் தொழிலாளியின் உரிமையும்

2003 முதல் 2005 வரை வேலூர் வட்டாரத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்த ஆய்வொன்று, அவர்களில் பத்துக்கு நான்கு பேர் வீதம் கிருமிக்கொல்லி மருந்து, அதாவது ஆன்டிபயாடிக், பெற்றதைப் பதிவு செய்தது. கிராமப்புற மருத்துவமனைகளில் கோ-டிரைமாக்சசோல் என்னும் பழைய, மலிவான மருந்தும், நகரத் தனியார் மருத்துவமனைகளில் செஃபலோஸ்போரின் வகையும் கூடுதலாக வழங்கப்பட்டன. ஒருவர் உட்கொள்ளும் மருந்தை நோய் மட்டுமன்றி, அவர் ஏறும் படியும் முடிவு செய்கிறது என்பதற்கு இது சான்று.

அதே வட்டாரத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதிகளின் தோல் தொழிலாளிக்கு அந்தப் படி பல வேளைகளில் மெடிக்கல் கடையினுடையதாகவே இருக்கிறது. மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். தோல் பதனிடப் பயன்படும் குரோமிய உப்பு கையில் அரிப்பு, வெடிப்பு, ஆறாப் புண் ஆகியவற்றை உண்டாக்கக்கூடியது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அழற்சியை விரைவில் அடக்கினாலும் காரணத்தை நீக்குவதில்லை. நாட்பட்ட பயன்பாட்டில் தோல் மெலியும்; படர்தாமரை இருந்தால் அது மேலும் பரவும்.

இத்தகைய 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்-இல் சேர்த்தது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையிலுள்ள வீரியமிக்க கிருமிக்கொல்லிகளை விற்கும்போது மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் காக்கவும் வேண்டும். மீறும் கடை மீது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எவரும் புகார் தரலாம். அதற்கு ரசீது கேட்டு வாங்கியிருத்தல் உதவும்.

சீட்டில்லாத மருந்தால் உடலோடு உரிமையும் கெடுகிறது என்பதே இங்கு அழுத்திச் சொல்லவேண்டியது. குரோமியத்தால் வரும் நோய்களும், வேதிப்பொருளால் வரும் தோல்நோய்களும் தொழிலாளர் காப்பீடு, இழப்பீடு பற்றிய சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன; அப்பொருள்களைக் கையாளும் வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு வரும் அந்நோய், மாறாகச் சான்றில்லாத வரை, பணியிடக் காயமாகவே கொள்ளப்படும். தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் கீழ் வருபவர் தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நாள்களுக்கு, சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு வரை பெற வழியுண்டு. ஆனால் களிம்பு பூசி மறைத்த புண்ணுக்கு மருத்துவப் பதிவு இராது. பதிவில்லாமல் கோரிக்கையை நிறுவுவது கடினம்.

வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஆம்பூர்ப் பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது; பெரும்பாலோர் இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்பவர்கள். முதுகுவலிக்கும் கைவலிக்கும் தினமும் விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் விளைவிக்கக்கூடும். அரசு மருத்துவமனையில் இவர்களுக்கு மருந்தும் பரிசோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

தோலிலோ மூச்சிலோ தொல்லை தொடங்கியதும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, தாம் செய்யும் வேலையையும் கையாளும் வேதிப்பொருளையும் மருத்துவரிடம் கூறி, அவற்றைச் சீட்டில் எழுதச் சொல்லி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.