டப்பா கேட்டு வருகிறார்கள், எதற்கு?

வருமுன் காக்கும் ஆராய்ச்சியும் அரசாங்கக் காசும்



காலைப் பிரட்டு நேரத்தில் மிஸ்ஸி வந்து ஓர் அறிவித்தல் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அடுத்த கிழமை கொழும்பில இருந்து டாக்டர்மார் வாராங்க. வீட்டுக்கு வீடு சின்ன டப்பா தருவாங்க. காலையில மலத்தில கொஞ்சம் எடுத்து வைக்கணும். விரல்ல ஒரு சொட்டு ரத்தமும் எடுப்பாங்க."

இளம் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஓர் அக்கா மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறார்: "ஏன் மிஸ்ஸி, லயத்துக் கூரை ஒழுகுது, பீலியில தண்ணி ஒழுங்கா வாரதில்ல. அதுக்கெல்லாம் காசு இல்லாத அரசாங்கத்துக்கு இதுக்கு மட்டும் எங்க இருந்து காசு வந்திச்சு? வந்து எழுதிக்கிட்டுப் போறாங்க, நமக்கு என்ன பலன்?"

எந்தத் தோட்டத்திலும் எழக்கூடிய கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. அந்தப் பதிலை நம் காலுக்கடியில் இருக்கும் ஒரு புழுவில் இருந்து தொடங்குவோம்.

புழு வந்த வழி

கொளுக்கிப் புழு ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளமானது. குடலில் கொக்கி போட்டதுபோல ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது துளியிலும் துளிதான். ஆனால் நூற்றுக்கணக்கில் புழு இருந்தால், மாதக்கணக்கில் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். முகம் வெளிறும், மலை ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கூடை நிறையாது. "அவ சோம்பேறி" என்று ஊர் பேசும். அவளுக்கு இருப்பது சோம்பல் இல்லை, இரத்தச்சோகை.

இந்தப் புழு உடம்புக்குள் எப்படிப் போகிறது? ஒரு காலத்தில் வைத்தியர்களுக்கே தெளிவாகத் தெரியாது. அழுக்குத் தண்ணீர் குடிப்பதால் வருகிறது என்றே பலரும் நினைத்தார்கள். எகிப்து நாட்டில் கெய்ரோ மருத்துவப் பள்ளியில் வேலை செய்த லூஸ் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளரின் கையில், புழுக்குஞ்சுகள் இருந்த தண்ணீர் தவறிச் சிந்தியது. கை எரிந்து சிவந்தது. கொஞ்ச நாள் போனபின் தன் மலத்தையே பரிசோதித்துப் பார்த்தார். உள்ளே புழு முட்டை! வாயால் அல்ல, தோலைத் துளைத்துக்கொண்டே புழு உள்ளே போகிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது. 1898-ல் அதை எழுதி வெளியிட்டார்.

1902-ல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் பென்ட்லி என்ற வைத்தியர், மழைக்காலத்தில் தொழிலாளர் காலில் வரும் சொறிப்புண்ணுக்கும் மண்ணில் இருக்கும் இந்தப் புழுக்குஞ்சுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார். ஆக, வெளியிலே மலம் கழித்தால் முட்டை மண்ணில் விழும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் அது பொரிக்கும். ஒரு கிழமை போல ஆனதும், வெறுங்காலோடு வருகிறவரின் தோலுக்குள் நுழையும். தேயிலைச் செடிக்கு அடியில் ஈரமும் உண்டு, நிழலும் உண்டு, வெறுங்காலும் உண்டு. நம் தோட்டங்களில் இந்தப் புழு ஏன் நிலைத்தது என்று இப்போது விளங்கும்.

மருந்து குடித்தும் போகாத நோய்

1916-ல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொளுக்கிப் புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் அதை முன்னின்று நடத்தியது. கெனபோடியம் என்ற எண்ணெயைத் தொழிலாளருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். புழு விழுந்தது. கொஞ்ச மாதம் போனதும் திரும்பப் பரிசோதித்தார்கள். பலருக்கு மறுபடியும் புழு!

மருந்து சரிதான். லயங்களுக்குக் கக்கூஸ் இல்லை, காலுக்குச் செருப்பு இல்லை. அதே மண்ணில் அதே கால். மருந்துக்குச் சம்மதித்த தோட்டக்காரர்களில் பலர் கக்கூஸ் கட்டப் பின்வாங்கினார்கள்.

திரும்பப் போய்ப் பரிசோதித்த அந்த வேலைதான் ஆராய்ச்சி. அதைச் செய்திராவிட்டால், மருந்து கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். மருந்து மட்டும் போதாது, கக்கூஸும் சுகாதாரப் போதனையும் ஓயாத கண்காணிப்பும் வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் கிடைத்தது. அந்தப் பாடத்தின் வழியில் 1926-ல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு திறக்கப்பட்டது. வைத்தியர், மருத்துவ மாது, சுகாதாரப் பரிசோதகர் எல்லாரும் சேர்ந்து, நோய் வரும் முன்னே வீடு தேடிப் போகும் முறை அது. இன்றைக்கு நாடு முழுவதும் அரசாங்கச் செலவில் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்த வழியில் வந்தவைதான். வெளியார் காசு ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். வருசா வருசம் அதை நடத்த அரசாங்கக் காசுதான் வேண்டும்.

கர்ப்பிணித் தாயின் குளிசை

இனி நம் காலத்துக்கு வருவோம். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்துக் குளிசை தருகிறார்கள். கூடவே பூச்சிக் குளிசையும் தருகிறார்கள். "வயித்துல புள்ள இருக்கிறப்போ பூச்சி மருந்தா?" என்று பாட்டிமார் பயப்படுவதுண்டு. பயம் நியாயம்தான். இதே கேள்வியை ஆராய்ச்சியாளரும் கேட்டார்கள்.

நம் தோட்டங்களிலேயே 195 கர்ப்பிணித் தாய்மாரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளியானது. இரும்புச்சத்துக் குளிசையால் இரத்தம் ஊறியது. அதோடு பூச்சிக் குளிசையும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றும் கதைதான். ஓட்டையை அடைத்தால்தானே வாளி நிறையும்!

பிள்ளைக்கு ஏதும் ஆகாதா? அதையும் பார்த்தார்கள். ராகமவில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட தாய்மாரின் விபரங்களைச் சேர்த்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றிலேயோ பிறந்த கையோடோ இறந்த குழந்தைகள், குளிசை எடுத்த தாய்மாரிடையே 1,000-க்கு 19. எடுக்காத தாய்மாரிடையே 1,000-க்கு 33. மிகக் குறைந்த நிறையோடு பிறந்த குழந்தைகளும் குளிசை எடுத்தவர்களிடையே குறைவு. ஆனால் முதல் மூன்று மாதத்துக்குள் இந்தக் குளிசை கூடாது. மூன்று மாதம் கழிந்தபின் கிளினிக்கில் தரும்போது எடுத்தால் போதும். கடையில் நாமாக வாங்கிப் போடக்கூடாது.

டப்பாவும் ஒரு சொட்டு இரத்தமும் கொடுத்த அந்தத் தாய்மாரை நமக்குத் தெரியாது. அவர்கள் கொடுத்ததால்தான் இன்று மிஸ்ஸி நம் மகளிடம் குளிசையைத் தைரியமாகக் கொடுக்கிறார்.

ஏன் அரசாங்கம் செலவழிக்க வேண்டும்?

மருந்துக் கம்பெனிகள் ஆராய்ச்சிக்கு நிறையச் செலவு செய்கின்றன. புதிய மருந்து கண்டுபிடித்தால் விற்றுக் காசாக்கலாம். ஆனால் "கக்கூஸ் கட்டு, செருப்புப் போடு, கை கழுவு" என்பதை யாருக்கு விற்பது? பூச்சிக் குளிசையோ மிக மலிவு. அதில் பெரிய இலாபம் இல்லை. வராத நோய்க்கு யாரும் பில் கட்டுவதில்லை.

அதனால் வருமுன் காக்கும் ஆராய்ச்சிக்குப் பொதுக் காசு வேண்டும். கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் சுகாதார அமைச்சின் கீழ் இயங்குவது. 1900-ம் ஆண்டிலிருந்து இருந்து வருகிறது. நம் மருத்துவ பீடங்கள் பெரும்பாலும் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்கள் சில ஆய்வுகளுக்கு உதவுவது உண்டுதான். ஆனால் ஆய்வாளரின் மாதச் சம்பளம், ஆய்வுகூடம், கிளினிக் பதிவேடு எல்லாம் பொதுக் காசில் நடப்பவை.

அந்தக் காசு யாருடையது? நாம் கடையில் வாங்கும் சாமான்களின் விலைக்குள்ளே வரி ஒளிந்திருக்கிறது. சம்பளத்தில் வரி பிடிக்காவிட்டாலும் நாமும் வரி கட்டுகிறோம். ஆக அந்த அக்காவின் கேள்விக்கு ஒரு பதில்: அது நம்ம காசும்தான்.

எண்ணினால்தான் கண்ணுக்குத் தெரியும்

இன்னொரு பதிலும் உண்டு. 2016-ல் நடந்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்தார்கள். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் 100-க்கு 17 பேர். தோட்டப்புறத்தைத் தனியாகப் பார்த்தால் 100-க்கு 32 பேர் அளவில்! கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

தனியாக எண்ணாமல் விட்டிருந்தால் நம் பிள்ளைகளின் குறை நாட்டின் 17-க்குள்ளே மறைந்து போயிருக்கும். "தோட்டத்துப் புள்ளைங்க குள்ளமாத்தான் இருக்கும்" என்ற பேச்சே நிலைத்திருக்கும். கையில் கணக்கு இருந்தால்தான் சங்கமும், பெற்றோரும், நம் பிரதிநிதிகளும் சத்துணவும் நல்ல தண்ணீரும் கேட்டு வாதாட முடியும். கூரைக்கும் பீலிக்கும் கேட்பதற்கும் இந்தக் கணக்கு ஓர் ஆயுதம். டப்பா கொடுத்தால் கூரை வந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கூரை கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

நிறுத்தினால் என்ன நடக்கும்?

இதற்கு மலேரியா ஒரு நல்ல பாடம். 1934-35-ல் இலங்கையில் வந்த மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அதன்பின் அரசாங்கம் மருந்தடித்தது, இரத்தம் பரிசோதித்தது, கணக்கு வைத்தது. 1963-ல் நாடு முழுவதிலும் நோயாளிகள் 17 பேர் மட்டுமே!

"இனி மலேரியா இல்லையே" என்று மருந்தடிப்பும் பரிசோதனையும் தளர்ந்தன. 1969-ல் ஒரே வருசத்தில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல். மறுபடியும் காசு செலவழித்து, முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012-ல் கண்டறியப்பட்டார். 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. இந்த முறை பரிசோதனையைக் கைவிடவில்லை. வெளிநாட்டில் இருந்து காய்ச்சலோடு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறார்கள்.

நோய் கண்ணில் படாதபோது காசை வெட்டுவது சுலபம். சிக்கன காலத்தில் முதலில் கத்தி விழுவதும் இங்கேதான். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றால் ஊரே சத்தம் போடும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய காசு குறைந்தால் யாருக்கும் தெரியாது.

நாம் செய்ய வேண்டியது

- ஆய்வுக்கு வருகிறவர்களிடம் கேளுங்கள்: யார் நீங்கள், எதற்காக, எங்கள் பேர் வெளியில் வருமா? விளங்கும் தமிழில் பதில் சொல்வது அவர்கள் கடமை.
- விருப்பம் இல்லையென்றால் மறுக்கலாம். மறுத்ததற்காகக் கிளினிக்கில் மருந்து நிறுத்தக்கூடாது.
- சம்மதித்தால் சரியாகச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு டப்பாவில் பங்கு போட்டால் கணக்குப் பிழைக்கும். பிழைத்த கணக்கால் நமக்கே நட்டம்.
- உங்கள் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். புழு இருந்தால் மருந்து கேளுங்கள். முழுத் தோட்டத்தின் முடிவைக் கூட்டம் வைத்துச் சொல்லும்படி தோட்ட வைத்தியரிடமும் சங்கத்திடமும் கேளுங்கள்.
- பள்ளிக்கூடத்தில் தரும் பூச்சிக் குளிசையைப் பிள்ளை விழுங்கியதா என்று விசாரியுங்கள். கக்கூஸ் உடைந்திருந்தால் உடனே அறிவியுங்கள். மலைக்குப் போகும்போது காலுக்கு ஏதாவது போடுங்கள்.
- வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டையும் கோயிலையும் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: "எங்க புள்ளைங்களுக்கு நோய் வராம பாக்கிறதுக்கு எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கீங்க?"

பிரட்டுக்களத்தில் மிஸ்ஸி அந்த அக்காவுக்கு இவ்வளவும் சொல்ல நேரம் இருக்காது. ஒரு வரி சொன்னால் போதும்: "அக்கா, போன தலைமுறை டப்பா குடுத்திச்சு, நம்ம புள்ளைங்க குளிசை வாங்குது. நாம குடுத்தா, நம்ம பேரப்புள்ளைங்களுக்கு உதவும்."

டப்பாவை வாங்குங்கள். கூடவே கேள்வியையும் கேளுங்கள்.