தடையின்றி ஓடுமா மின்சாரம்?

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டைக்கோ சிதம்பரத்திற்கோ உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்லும்போது, வயல்களின் நடுவே உயர்ந்து நிற்கும் மின்கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். இம்மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரம் இத்தகைய கம்பிகளில்தான் பயணம் செய்கின்றது. அதில் ஒரு பகுதி, கம்பியின் மின்தடையால் வெப்பமாகி வழியிலேயே வீணாகின்றது.

தடையே இல்லாத கம்பி உண்டா? உண்டு. 1911-இல் ஆலந்து அறிஞர் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை −269 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தார். அதன் மின்தடை அறவே மறைந்தது. இத்தகைய பொருளே மீக்கடத்தி. எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தச்சுருள் பெரும்பாலும் இவ்வகையதே. திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகின்றது. அக்குளிரைக் காக்க ஆகும் செலவுதான் பெருந்தடை!

இங்கே வழிகாட்ட வந்தது அழுத்தம். பொருளை நெருக்கினால் அணுக்கள் அண்மிக்கின்றன. அதன் இயல்பே மாறுகின்றது. சர் சி.வி. ராமனிடம் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற்குச் சென்ற ஏ. ஜெயராமன், கருநிறச் சமாரியம் சல்பைடை அழுத்தினால் அது பொன்னிற உலோகமாவதை 1970-இல் தம் குழுவினருடன் கண்டறிந்தார். இரு வைரங்களின் முனைகளுக்கிடையே பொருளை நெருக்கும் கருவியைப் பற்றி 1983-இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையினர் நன்கறிந்தது.

மீக்கடத்தியிலும் அழுத்தம் வேலை செய்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் சூ என்பவர் லாந்தனம் கலந்த செம்பு ஆக்சைடை அழுத்தினார். முன்னிலும் குறைந்த குளிரிலேயே அது மீக்கடத்தியாயிற்று. அழுத்தாமலே அணுக்களை நெருங்கவைக்க இயலாதா என்று சிந்தித்து, லாந்தனத்திற்குப் பதிலாக அதனினும் சிறிய இட்ரியம் அணுவைச் சேர்த்தனர். 1987-இல் −180 பாகையிலேயே மின்தடை மறைந்தது. விலை மலிந்த திரவ நைட்ரஜனே போதுமென்றாயிற்று! இத்துறையில் இதனினும் அழகிய யுக்தி வேறில்லை என்பேன்.

அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு −70 பாகையில் மீக்கடத்தியாவதை 2015-இல் ஜெர்மனியில் அறிவித்தனர். 2019-இல் லாந்தனம் ஹைட்ரைடு −23 பாகையை எட்டியது. ஆனால் இவற்றுக்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 15 லட்சம் மடங்கிற்கும் மேலான அழுத்தம் வேண்டும். கிடைப்பதோ தூசளவுப் பொருள். அதைக் கொண்டு நெய்வேலிக்குக் கம்பி இழுப்பதெங்கே?

அறைவெப்பத்திலேயே கைகூடிற்று என்று 2020-இலும் 2023-இலும் வெளியான இரு கட்டுரைகளை ‘நேச்சர்’ இதழ் பின்னர் திரும்பப் பெற்றது. இனி இத்தகைய செய்தியைப் படித்தால், எவ்வளவு அழுத்தத்தில், வேறெவரேனும் செய்து பார்த்தனரா என்று கேளுங்கள்.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் உயர் அழுத்த ஆய்வு மையம் அமைக்கப்பட்டுள்ளது. இயற்பியல் பயிலும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின் சொல்லி வையுங்கள்.