சுவீகாரப் பிள்ளைக்கு ஏற்ற பாடசாலை எது?

பிறநாட்டுக் குழந்தைகளைச் சுவீகாரம் எடுத்து வளர்க்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 2004-ம் ஆண்டில் மாத்திரம் ஏறத்தாழ 23,000 பிள்ளைகள் அவ்வாறு அங்கே சென்றனர். 2013-ல் ருஷ்யாவும் 2024-ல் சீனாவும் கதவடைத்தபின் அத்தொகை மிகச் சுருங்கிவிட்டது. எனினும் இன்று செல்வோருள் கைக்குழந்தைகள் குறைவு. பாடசாலைப் பருவத்துப் பிள்ளைகளே பலர். ஆங்கிலத்தில் ஒரு சொல்லேனும் அறியாத எட்டு வயதுப் பிள்ளையை எந்தப் பாடசாலையில், எந்த வகுப்பிற் சேர்ப்பது? புதிதாய்ப் பெற்றாரானவர்களைத் துயில்கொள்ள விடாத வினா இதுவே.

குடியேறி வந்தோரின் பிள்ளைகளும் ஆங்கிலம் அறியாமல்தானே வருகின்றனர், அவர்களுக்குச் செய்வதையே இவர்களுக்கும் செய்தாற் போதாதா எனச் சிலர் கேட்கலாம். போதாது. ரொறன்ரோவிற் குடியேறிய நம்மவர் பிள்ளை பகலெல்லாம் ஆங்கிலத்தோடு இடர்ப்பட்டாலும், மாலையில் வீடு திரும்பியதும் தாயோடு தமிழில் உரையாடுகின்றது. சிந்திப்பதற்கும் சினப்பதற்கும் அதற்கென ஒரு மொழி உண்டு. சுவீகாரப் பிள்ளைக்கோ வீடும் ஆங்கில வீடே. பேசுவாரின்றிப் பழைய மொழி சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகின்றது. புதிய மொழியோ இன்னும் வேரூன்றவில்லை. பிரான்சிற் சுவீகாரமாக வளர்ந்த கொரியர் சிலரை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட முடிவொன்று நம்மைத் திகைக்க வைக்கின்றது. மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் தாய்நாட்டை நீங்கிய அவர்கள், வளர்ந்தபின் கொரிய மொழியைக் கேட்டபோது, அதனை அறியாத பிறமொழிகளினின்றும் பிரித்துணர இயலாதிருந்தனராம்!

ஆங்கிலம் விரைவில் வந்துவிடும். அல்லது வந்துவிட்டதுபோலத் தோன்றும். ஏமாற்றம் இங்கேதான் இருக்கின்றது. விளையாட்டிடத்துப் பேச்சு ஏறக்குறைய ஈராண்டில் அமைந்துவிடும் என்றும், பாடநூலின் மொழி கைவர ஐந்தாண்டும் அதற்கு மேலும் செல்லும் என்றும் கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கமின்ஸ் எடுத்துக்காட்டினார். தோழரோடு சளசளவென்று பேசும் பிள்ளை, ‘காரணம் கூறுக’, ‘ஒப்பிடுக’ என வினாத்தாள் கேட்குமிடத்து வாயடைத்து நிற்கும். அதனைச் சோம்பல் என்றோ மந்தபுத்தி என்றோ முடிவுகட்டாத பாடசாலையே வேண்டப்படுவது.

அரசாங்கப் பாடசாலைக்கு இவ்விடயத்திற் கடமை உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீன மாணவர் வழக்கில், ஆங்கிலம் அறியாதாரை உதவியின்றி வகுப்பில் வெறுமனே இருத்தி வைத்தல் ஆகாது என 1974-ல் உயர்ந்த நீதிமன்றம் தீர்த்தது. சிறிய தனியார் பாடசாலைகளில் மாணவர் தொகை குறைவு, கவனிப்பும் அதிகம். ஆயினும் ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பிக்கப் பயின்ற ஆசிரியர் பலவற்றில் இல்லை. அரசாங்கப் பாடசாலையிலும் ஒரு சிறு பொறி இருக்கின்றது. சேர்க்கும்போது வீட்டு மொழி யாது எனப் படிவத்தில் வினவுவர். பெற்றார் உண்மையாகவே ‘ஆங்கிலம்’ என எழுதிவிட, உதவி பெறவேண்டிய பிள்ளையைப் பரீட்சிக்காமலே விட்டுவிடவுங் கூடும். பிள்ளை முதலிற் கற்ற மொழி வேறென்பதை அப்படிவத்திலேயே தெளிவாகக் குறித்தல் வேண்டும்.

கொலம்பியாவிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்தும் இருமொழிப் பாடசாலைகள் அங்கே பல நகரங்களில் இருக்கின்றன. கிடைக்குமாயின் நாம் அதனையே முதலில் நாடச் சொல்லுவோம். பல்கேரியப் பிள்ளைக்கு அத்தகைய பாடசாலை கிடைப்பது அரிது. பழைய மொழியைக் கேட்டாலே அநாதைச்சாலை நினைவுக்கு வந்து அஞ்சும் பிள்ளைகளும் உளர்; அவர்களை வற்புறுத்தலாகாது.

வகுப்பைப் பொறுத்தவரை, வயதுக்கு ஒரு வகுப்புக் கீழே இருத்துவதிற் குறையொன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதினரோடு இருத்துவதோ அதனை நாணவைப்பதாகும்.

இன்னொன்று, இதற்குத் தவணை கிடையாது. பிள்ளையின் கல்வி நிலையை அதன் முதல் மொழியிலேயே அளந்தறிய வேண்டுமாயின், வந்திறங்கிய முதற் சில வாரங்களில் அம்மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு அதைச் செய்தல் வேண்டும். எழுத்து அறியாமை மொழிமாற்றத்தால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை அப்பொழுதுதான் கண்டுகொள்ளலாம். அடுத்த ஆண்டுவரை காத்திருந்தால் வினவுவதற்கு அம்மொழி பிள்ளையிடம் இராது.